காற்றில் ஒரு கதவு

அன்புள்ள அப்பாவுக்கு, இங்கா எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். பேக்கரி வேலை முடிந்ததும் செவ்வாய்தோறும் இங்குள்ள சூனியக்காரிகளிடம் பாடம் படிக்கிறேன். பயப்படாதீர்கள், மூலிகையும் மெழுகுவர்த்தியும்தான்.

போன வாரம் ஆப்பிள் தோப்பில் உப்பால் வட்டம் போட்டு, உள்ளே நின்றோம். பூக்கள் நீருக்குள் இறங்குவதுபோல் மெல்ல உதிர்ந்தன. வெளியே என் பையில் கைபேசி ஒலித்தது. நீங்கள்தான் என்று நினைத்து வட்டத்தைத் தாண்டி ஓடினேன். ஏதோ விளம்பர அழைப்பு.

“கத்தியால காத்துல கதவு வரைஞ்சு, அதைத் திறந்துட்டுல்ல வெளிய போகணும்? இப்படித் தாண்டினா வட்டம் கலைஞ்சு போகும். உன்னால மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், மகராசி,” என்றாள் கூடப் படிக்கும் தோழி பிலிப்பா.

நம் கடற்கரை உப்பு கொஞ்சம் அனுப்புங்கள். ரொட்டி கருகுகிறது, முடிக்கிறேன். செவ்வாய் மாலையிலும் நீங்கள் கூப்பிடலாம், அப்பா. கதவு வரையப் பழகிவிட்டேன்.

இங்கா