வேனை யார் ஓட்டுவது

21 மார்ச் 1966, திங்கள்

நேற்று என் பிள்ளை கோதண்டராமன் கூடத்தில் ரோடு படத்தை விரித்துப் போட்டுவிட்டான். நாலு மூலை சுருண்டுகொள்ளாமல் சொம்பு, படி, உழக்கு, விளக்கு. பேத்திகள் இரண்டும் படத்தின் மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டன. மே மாதம் பள்ளிக்கூடம் விட்டதும் குடும்பத்தோடு வேனில் கிளம்புகிறோமாம். திண்டிவனம், மரக்காணம். அங்கே கடலோரத்தைப் பிடித்தால் பிறகு விடவே வேண்டாமாம். புதுச்சேரி, கடலூர், கொள்ளிடம் பாலம், தரங்கம்பாடி, நாகூர்.

"போறப்ப பூரா இடது கைப் பக்கம் கடலு நைனா. நீ இதுவரைக்கும் பாத்ததெல்லாம் மலைதானே."

உண்மைதான். நான் கடலைப் பார்த்தது ஒரே தடவை. அதுவும் மாசி மகத்துக் கூட்டத்தில், ஆள் தலைகளுக்கு நடுவில் ஒரு கோடாக.

முன்னால் யார் உட்காருவது என்று பேச்சு வந்தது. நான் என்றேன். மருமகள் விருத்தாம்பாள், "இல்ல மாமா, நான்தான்," என்று நின்றாள். அவள் என்னோடு இப்படி மல்லுக்கு நின்றதே இல்லை. என்ன இது, சின்னப்பிள்ளை மாதிரி? நான் முன்னால் உட்காரக் காரணம் இருக்கிறது.

"என்ன காரணம்?" என்கிறார் பாகுபலி நயினார். எனக்கு எழுத்து தெரியாது. பேச்சு என்னுடையது, பேனா அவருடையது. பத்திர ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிற கை. நான் எப்படிச் சொன்னாலும் சுத்தமாகத்தான் இறங்கும்.

பிறகு சொல்கிறேன் என்றேன்.

22 மார்ச், செவ்வாய்

வாய் வரவில்லை. இன்றைக்கு ஒன்றும் இல்லை என்றேன். "அதையே எழுதிக்கிறேன்," என்று எழுதிக்கொண்டார்.

24 மார்ச், வியாழன்

சொல்லிவிட்டேன்.

போன வாரம் எங்கள் மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலை மூட்டை அடுக்குகிற கொட்டகைக்குப் பின்னால், கோதண்டராமன் வேனின் வாயைத் திறந்து இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் நிழலில் இருந்தேன். ஒரு சத்தம் கேட்டது. மாடு கத்துகிற மாதிரி. திரும்பினால் என் பிள்ளை தரையில் கிடக்கிறான். கையும் காலும் வெட்டி இழுக்கிறது. வாயில் நுரை. கண் வெள்ளை.

எனக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரும்பு தேடினேன். சாவி வண்டிக்குள் இருந்தது, எட்டவில்லை. இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற ஹேண்டில் கீழே கிடந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் திணித்தேன். அவன் பிடித்த பிடியில் என் விரலும் சேர்ந்து மாட்டிக்கொண்டது.

எழுந்ததும் என்னைத்தான் பார்த்தான். "மயக்கம் நைனா. வெய்யிலு. யார்கிட்டயும் சொல்லிடாத."

பிறகு அவனே வேனை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பக்கத்தில் நான். ரோட்டைப் பார்க்கவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் அண்ணன் முருகையனுக்கு இதே சீக்கு. எனக்கு ஒன்பது வயது. வல்லத்துக்குத் தெற்கே எங்கள் கிணற்றில் மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். மாடு இரண்டும் கிணற்றை நோக்கிப் பின்னால் நடக்கிற நேரம். அவன் கயிற்றுக்கும் கிணற்றுக்கும் நடுவில் விழுந்தான். ஓட்டுகிறவன் விழுந்தது மாட்டுக்குத் தெரியாது, அது பாட்டுக்கு வந்தது. இடித்துத் தள்ளியது. கிணற்று விளிம்புக்கு வந்ததும் மாடு நின்றுவிட்டது. அதுக்கு வெளிம்பு தெரியும் நயினாரே, தினம் நடக்குற மாடு. அண்ணன் உள்ள போயிட்டான். நான் வரப்பு மேல நின்னுக்கினு பாக்குறேன். வேனுக்கு இன்னா தெரியும்? வேனுக்கு இன்னா தெரியும், சொல்லுங்க?

இதை மட்டும் நான் சொன்னபடியே எழுதியதாகச் சொல்கிறார்.

29 மார்ச், செவ்வாய்

பஸ்ஸில் போகலாமே என்று ஆரம்பித்தேன்.

"வேனை இன்னாத்துக்கு வாங்கனேன் நைனா, கோழி அடைக்கவா?"

வல்லத்துக் கன்னியப்பன் லாரி ஓட்டின ஆள், இப்போது சும்மா இருக்கிறான், அவனை டிரைவராகக் கூப்பிடலாம் என்றேன். கோதண்டராமன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பெரிய பேத்தி, "அப்பா ஓட்டுனாதான் நான் வருவேன்," என்றது. முழங்கால் வலி, என்னால் வர முடியாது என்று படுத்துப் பார்த்தேன். "அப்ப நீ வீட்டுல இரு நைனா. நாங்க போயிட்டு வந்துர்றோம்," என்றான்.

அடுத்த நிமிஷம் எழுந்து நடந்தேன். விருத்தாம்பாள் சிரித்துவிட்டாள். "மாமாவுக்குக் கடல் பேரைச் சொன்னதும் காலு வந்துடுச்சி."

4 ஏப்ரல், திங்கள்

டயரில் ஆணி அடிக்கலாமா என்று கேட்டேன். நயினார் பேனாவை மூடிவிட்டார். அந்தப் பாவத்துக்கெல்லாம் எழுத மாட்டாராம்.

"டயருக்கு உயிரா இருக்குது நயினாரே?"

"அதை நம்பி ஏறுறவனுக்கு இருக்குது. யோவ் துரைக்கண்ணு, நீ உன் மருமக கிட்ட சொல்லு. இல்லன்னா அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லு. ரெண்டும் இல்லாம ஆணி தேடிக்கிட்டுத் திரியறியே."

எப்படிச் சொல்வது? யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டான். சொன்னால் ஊருக்குத் தெரியும். தொண்டூரிலும் வல்லத்திலும் அவனை நம்பி மல்லாட்டை போடுகிறவர்கள் என்ன சொல்வார்கள்? வலிப்புக்காரன் வீடு என்று ஒரு பேர் விழுந்தால் நாளைக்கு இந்த இரண்டு பெண்களையும் யார் வந்து கேட்பார்கள்? என் அம்மா அண்ணனுக்குப் பிசாசு என்று சொல்லிக்கொண்டே செத்தாள். சீக்கு என்று சொல்ல அவளுக்கு வாய் வந்ததில்லை. எனக்கும் வரவில்லை.

சொல்லாமல் இருந்தால்? மரக்காணம் தாண்டி ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தண்ணீராம். கட்டைச் சுவர் இல்லையாம். அவனே சொன்னான், ரொம்ப அழகா இருக்கும் என்று.

12 ஏப்ரல், செவ்வாய்

வெள்ளோட்டம் என்று நேற்று எல்லோரையும் வேனில் ஏற்றினான். முன்னால் மூன்று பேர்: அவன், நடுவில் விருத்தாம்பாள், ஓரத்தில் நான். அவள் விடவில்லை, நானும் விடவில்லை. பின்னால் குழந்தைகள்.

ஏரிக்கரை வளைவுக்கு முன்னால் அவன் உதடு சப்புக்கொட்ட ஆரம்பித்தது. வாயில் ஒன்றும் இல்லை. அண்ணன் அப்படித்தான் செய்வான், விழுவதற்கு முன்னால்.

"நிறுத்துடா! ஒண்ணுக்கு வருது! நிறுத்து!"

நிறுத்தினான். இறங்கியது நான் இல்லை, அவன்தான். விறுவிறு என்று பனைமரங்களுக்குப் பின்னால் போனான். வெகுநேரம் வரவில்லை. நான் இறங்கப் போனேன். விருத்தாம்பாள் என் மேல்துண்டைப் பிடித்துக்கொண்டாள். திரும்பாமலே குழந்தைகளிடம், "பாட்டுப் பாடுங்கடி, சத்தமா," என்றாள். குழந்தைகள் பாடின. இன்னும் சத்தமா, இன்னும் சத்தமா என்றாள்.

எந்தச் சத்தம் கேட்காமல் இருக்கப் பாடச் சொல்கிறாள்?

13 ஏப்ரல், புதன்

காலையில் அவன் மண்டிக்குப் போனதும் கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ நாளா தெரியும்?"

முறம் நின்றது. "ரெண்டு வருசம் ஆவுது மாமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்களுக்குத்தான் தெரியவே கூடாதுன்னு என் தலையில கைய வச்சி சத்தியம் வாங்கிட்டாரு. எங்க நைனா கண்ணெதிர்ல அவங்க அண்ணன் போனாரு, இதுவும் தெரிஞ்சா தாங்க மாட்டாருன்னு."

அவன் அரைஞாண் கயிற்றில் இரும்பு வளையம் கட்டிவிட்டது அவள்தானாம். வேனில் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து கை பிரேக் எங்கே, எவ்வளவு இழுத்தால் நிற்கும் என்று பார்த்து வைத்திருக்கிறாள். வண்டி ஓடுகிற நேரமெல்லாம் வலது கை அதன் பக்கத்திலேயே இருக்குமாம். யாருக்கும் தெரியாமல் முந்தானைக்குள்.

"உங்களுக்கு விட்டுக் குடுக்காம முன் சீட்டுக்குச் சண்டை போட்டேனே, தப்பா நெனச்சீங்களா?"

இரண்டு பேரும் ஒரே வண்டியில், ஒரே கையைப் பார்த்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் பயந்திருக்கிறோம்.

19 ஏப்ரல், செவ்வாய்

நேற்று மத்தியானம் அவன் சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் சொன்னேன். விருத்தாம்பாள் கதவருகில் நின்றாள். குழந்தைகள் வெளியே.

"உனக்கு வலிப்பு இருக்குதுடா. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நீ கொழந்தைங்கள வச்சி ஓட்டக் கூடாது."

அவன் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். "சத்தியம் பண்ணியேடி."

"பண்ணேன். என் தலை போனாலும் போவுது," என்றாள்.

"அப்போ நான் இன்னா பண்ணணும்? வீட்டுல உக்காந்து உங்க ரெண்டு பேரு காவல்ல சோறு துன்னணுமா? வண்டி ஓட்டலன்னா நான் யாரு நைனா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

21 ஏப்ரல், வியாழன்

கோதண்டராமன் ரோடு படத்தை மடித்துப் பரணில் போட்டுவிட்டான். சின்னது அழுதது. வேனை மட்டும் தினமும் எடுக்கிறான், தனியாக.

23 ஏப்ரல், சனி

நேற்று காலையில் வல்லம் போகிறேன் என்று விருத்தாம்பாளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனவன், மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. மூன்று மணிக்கு நான் வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டேன். இங்கிருந்து ரோடு தெரியும். எது வந்தாலும் எழுந்து நின்றேன். லாரி, பஸ், வண்டி மாடு. நயினார் டைரியைத் திறந்தார், நான் சொல்லவில்லை, மூடினார்.

பொழுது ராஜகிரி மலைப் பக்கம் இறங்கியது. "எழுந்திருங்க நயினாரே, உங்க சாப்பாடு போயிடும்," என்றேன்.

"தெனம்தான் சாப்பிடறேன். குந்து."

வெயில் போயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை. இருட்டிய பிறகு சமணர்கள் ஒரு பருக்கை வாயில் வைப்பதில்லை. அவருக்கு இனி மறுநாள் காலையில்தான். எனக்கு அண்ணனைக் கிணற்றிலிருந்து தூக்கியது கண்ணில் வந்தது. ஈரத்தில் அவன் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. வேனிலிருந்து தூக்கினால் எப்படி இருக்கும் என்று... வேண்டாம். அதை எழுத வேண்டாம்.

கிழக்கிலிருந்து வேன் வந்தது. எங்கள் வேன்தான். ஒரே ஒரு விளக்கு எரிந்தது. ஓட்டுகிற இடத்தில் கன்னியப்பன். என் பிள்ளை பக்கத்தில், ஓர சீட்டில், மடியில் கை வைத்துக்கொண்டு.

முன் சக்கரம் அச்சு வரைக்கும் சேறு. கன்னியப்பன் இறங்கி வந்து தாழ்ந்த குரலில் சொன்னான். "வாய்க்கால்ல எறங்கி நின்னுச்சு தாத்தா. இவுரு ஸ்டீரிங்கு மேல சாஞ்சி கெடந்தாரு. நல்லவேளை, எதுத்தாப்ல யாரும் வரல."

கோதண்டராமன் இறங்காமலே இருந்தான். நான் ஜன்னல் பக்கம் போனேன்.

"நாகூரு வரைக்கும் இவன்தான் ஓட்டுவான்," என்றான், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "எதுனா பேசினீங்கன்னா நான் வரவே மாட்டேன்."

நான் கதவைத் திறந்துவிட்டேன்.

12 மே, வியாழன்

போய் வந்துவிட்டோம். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நின்றுவிடுமா என்று கேட்டதற்கு டாக்டர், விடாமல் சாப்பிட்டால் பார்க்கலாம் என்றார். எனக்குப் பயம் போகவில்லை. அவன் குளிக்கக் கிணற்றுப் பக்கம் போனால் இன்னும் பின்னாலேயே போகிறேன்.

நயினார் கடலைப் பற்றிச் சொல் என்கிறார். மரக்காணத்தைச் சொல்கிறேன்.

ஊரைத் தாண்டினோம். ரோடு ஒல்லியாகிவிட்டது. வலது பக்கம் கழிவெளித் தண்ணீர், கண்ணுக்கு எட்டினவரை. இடது பக்கம் உப்பளத் தண்ணீர், அதற்கு அப்பால் மணல், கடல். கட்டைச் சுவர் இல்லை. கன்னியப்பன், "தாத்தா, கண்ணைத் தொறங்க, நான் தூங்கல," என்று கேலி செய்துகொண்டே ஓட்டினான். விருத்தாம்பாளின் கை அன்றைக்கும் முந்தானைக்குள்தான் இருந்தது. இந்தத் தடவை முன் சீட்டு அவளுக்குத்தான். அவனும் நானும் நடு சீட்டில்.

அங்கேதான் வந்தது. முதலில் அந்தச் சத்தம். பெரிய பேத்தி அலறியது. நான் அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டேன், கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கால் கதவை உதைத்தது. விருத்தாம்பாள் திரும்பினாள். அவள் பாடச் சொல்வாள் என்று நினைத்தேன். "அப்பாவுக்கு வலிப்பு," என்றாள் குழந்தைகளிடம், எல்லோருக்கும் கேட்க. "வரும், போயிடும். பயப்படாதீங்க. தாத்தா புடிச்சிக்கினு இருக்காரு பாருங்க."

கன்னியப்பன், "நிறுத்தவாம்மா?" என்றான்.

"வேணாம். மெதுவா போ."

வேன் போய்க்கொண்டே இருந்தது. ரோட்டின் நடுவில், நேராக. என் மடியில் என் பிள்ளை துடித்துக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் தண்ணீர். அவன் உடம்பு மெல்ல மெல்லத் தளர்ந்தது. சின்னது தன் பாவாடையால் அவன் வாயைத் துடைத்துவிட்டது.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான், வண்டியின் கூரையைப் பார்த்தான். எங்கே இருக்கிறோம் என்று அவனுக்குப் புரிய நேரமாயிற்று. பிறகு எழுந்திருக்கப் பார்த்தான்.

"நைனா, கடலு போயிடுச்சா?"

"இல்லடா," என்றேன். "இன்னும் இருக்குது. படுத்துக்க. நாகூரு வரைக்கும் இருக்குது."