பெண்மணலில் தரைதட்டிய நாள்

நோயிட் கெடாக்ட் படகு,
வோர்க்கும் துறை,
1977 செப்டம்பர் 14

அன்புள்ள வோபேக்கு,

மேலே உள்ள முகவரியைப் பார்த்ததும், எழுதியது யார் என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பெயரைத் தேடியிருப்பாய். நான்தான், ரென்ஸ்கே. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஜூலையிலிருந்து இந்தக் கடிதத்தை நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்துப்போட்டேன். இன்றைக்குக் காலையிலிருந்து மழை. துறையில் ஆள் நடமாட்டமே இல்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, இன்று முடித்தே தீருவது என்று உட்கார்ந்திருக்கிறேன். அங்கே வெயில் எப்படி இருக்கிறது? மணல் தோண்டும் கப்பலில் குளிரூட்டும் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று எழுதியிருந்தாயே, சரி செய்தார்களா? தலையில் ஈரத்துணி போட்டுக்கொள். இருமல் திரும்ப வந்தால் மறைக்காதே.

ஆமாம், படகு வாங்கிவிட்டேன். நீ சிரிப்பாய். மாட்டுக்காரன் மகள், மீன்பிடி ஓடத்தில் ஏறினாலே வாந்தி எடுப்பவள், பதினெட்டு மீட்டர் நீளமுள்ள பழைய சரக்குப் பாய்மரப் படகை, ஒரு ட்யால்க்கை, வாங்கியிருக்கிறேன் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்! ஏப்ரலில் நீ வந்ததும் இரண்டு பேருமாகப் போய்ப் பார்ப்பதாக இருந்ததே, ஸ்வார்ட்ஸ்லூயிஸில் ஆல்ட்யே அம்மாளின் படகு, அதுவேதான். உன்னால் இந்த வருஷமும் வர முடியாது என்ற கடிதம் வந்த வாரம், அந்த அம்மாள் யாருக்கோ விற்கப்போகிறாள் என்று உன் தங்கை சீட்ஸ்கே வந்து சொன்னாள். என்ன நினைத்தேனோ, மறுநாளே ரயில் ஏறிவிட்டேன்.

நான் போன நேரத்தில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த ஓர் ஆள் சரக்கறைக்குள் நின்று அளவெடுத்துக்கொண்டிருந்தான். பக்கவாட்டில் சன்னல்களை வெட்டி, பன்னிரண்டு மேசை போட்டு, உணவுக்கடை ஆக்கப்போகிறானாம். ஆல்ட்யே அம்மாள் ஐம்பது வருஷம் அந்தப் படகிலேயே குடித்தனம் செய்தவள். கரி, உருளைக்கிழங்கு, சர்க்கரைக்கிழங்கு என்று புருஷனோடு ஏற்றி இறக்கியவள். அளவெடுத்த ஆளை ஒரு வார்த்தை திட்டவில்லை. "தம்பி, உன் அளவுகோல் நல்லாத்தான் இருக்கு. என் படகுதான் அதுக்குச் சரியா வராது" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

என்னிடம் திரும்பி, நீ என்ன செய்யப்போகிறாய் என்றாள். எனக்குப் பொய் வரவில்லை. தெரியாது, என் புருஷனுக்காக வாங்குகிறேன் என்றேன். புருஷன் எங்கே என்றாள். வளைகுடாவில் கடலைத் தூர்த்து நிலமாக்குகிறார் என்றேன். கிழவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இங்க தண்ணிய எல்லாம் மண்ணாக்கி முடிச்சாச்சு, இப்ப அங்கேயும் கிளம்பிட்டாங்களா நம்ம ஆளுங்க!" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, காபி ஊற்றிக் கொடுத்தாள். எத்தனை வருஷமாக என்று மட்டும் கேட்டாள். ஆறு என்றேன். குழந்தைகள் உண்டா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். அன்று மாலையே விலை பேசி முடித்தோம்.

படகை வோர்க்குமுக்குக் கொண்டுவந்தது ஜூன் இரண்டாம் வாரத்தில். பள்ளிக்கூடத்தில் நாலு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு சீட்ஸ்கே வந்தாள். உங்கள் அப்பாவின் படகில் பிறந்து வளர்ந்தவள் அல்லவா, ஏறின உடனேயே ஆள் மாறிவிட்டாள். வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற குரலில் என்னை அதட்டினாள். "கயித்த அப்படிச் சுத்தாத ரென்ஸ்கே, விரல் போயிடும்! உனக்கு இருக்கிறதே பத்துதான்!" முதல் நாள் கால்வாயில் பாலத்துக்குப் பாலம் பாய்மரத்தைச் சாய்த்து, திரும்ப நிமிர்த்தி, என் முதுகெலும்பே கழன்றுவிட்டது. இரண்டாம் நாள் பெரிய ஏரிக்குள் வந்தோம். வெளியே வந்ததும் அவள் பாயை ஏற்றினாள். அந்தப் பழுப்புப் பாய் சடசடவென்று உதறிக்கொண்டு காற்றைப் பிடித்து நிரம்பிய நிமிஷத்தில், வோபே, இயந்திரத்தை அவள் நிறுத்திவிட்டாள். சத்தமெல்லாம் ஓய்ந்துபோயிற்று. அவ்வளவு பெரிய இரும்புப் படகு, ஒரு மாடு தானாகத் தொழுவத்துக்கு நடந்து போவதைப்போல நகர்ந்தது. எனக்கு வாந்தி வரவில்லை. நீயும் அவளும் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் மிதித்துத் துறைக்குப் போய் மணிக்கணக்காக நின்று என்ன பார்த்தீர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஒரு நாளாவது நானும் கூட வந்திருக்கலாம்.

மூன்றாம் நாள்தான் நான் எழுதத் தயங்கிய நாள்.

ஸ்டாவோரனுக்குத் தெற்கே அந்த மணல்திட்டு உனக்குத் தெரியும், பெண்மணல். சீட்ஸ்கே காபி போடக் கீழே இறங்கினாள். சிவப்பு மிதவையை விட்டு விலகாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சுக்கான் என் கையில். தண்ணீரில் சூரியன் பட்டு ஒரே கண்கூச்சம். எது மிதவை, எது பறவை என்று தெரியவில்லை. கரைப்பக்கம் ஒதுங்கிவிட்டேன் போலிருக்கிறது. முதலில் படகின் பக்கவாட்டில் நீருக்குள் தொங்கும் பலகை தரையில் தட்டியது. அதைத் தூக்க ஓடுவதற்குள் அடியில் யாரோ மெத்தையை இழுப்பதுபோல ஒரு சத்தம், படகு நின்றுவிட்டது. கீழே கோப்பைகள் உடைந்தன. சீட்ஸ்கே தலையை நீட்டிச் சுற்றிலும் பார்த்துவிட்டு, "சரி, வந்து சேர்ந்தாச்சு. இறங்கி நடந்தே வீட்டுக்குப் போயிடலாமா?" என்றாள். நான் அழ ஆரம்பித்தேன். அவள் திட்டவேயில்லை. அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் படகு சாயாமல் நாற்காலிபோல உட்கார்ந்திருந்தது. மேற்குக் காற்று அடங்கினால்தான் நங்கூரத்தை ஓடத்தில் வைத்து ஆழத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டு இழுக்க முடியும் என்றாள். அதுவரை காத்திருப்பதைத் தவிர வேலையில்லை.

இருவரும் சரக்கறை மூடியின்மேல் உட்கார்ந்து கறுப்பு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றோம். பிறகு சீட்ஸ்கே, நம் நீன்கே உயிரோடு இருந்தால் இந்த வருஷம் பதினேழு வயது, இந்த நங்கூரத்தை அவளே தூக்கியிருப்பாள் என்றாள்.

நான் எழுந்துவிட்டேன். அவள் பெயரை யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவேனே, அதேபோல. நீ சொன்னபோதும் அப்படித்தான் போனேன். சாப்பாட்டு மேசையிலிருந்து, கோயிலிலிருந்து, படுக்கையிலிருந்துகூட. ஆனால் அன்று எழுந்த பிறகு எங்கே போவது? முன்பக்கம் ஒன்பது மீட்டர், பின்பக்கம் ஒன்பது மீட்டர், சுற்றிலும் தண்ணீர். இரண்டு தடவை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். திரும்பி வந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள். உன்மேலும் தன்மேலும் நான் கோபித்துக்கொள்ளக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள். நீயும் அவள்மேல் கோபித்துக்கொள்ளாதே. பதினாறு மாதம் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், பாவம்.

போன வருஷம் பிப்ரவரியில் நீ வந்திருக்கிறாய். விமானத்தில் வந்து, ரயில் ஏறி, வோர்க்கும் நிலையத்தில் இறங்கி, பெட்டியோடு நடந்து, நம் தெருப் பாலம் வரை வந்திருக்கிறாய். பனிமூட்டம். மாடி அறையில் விளக்கு எரிந்திருக்கிறது. திரைக்குப் பின்னால் ஒரு நிழல் அலமாரியிலிருந்து எதையோ எடுத்து எடுத்து வைத்திருக்கிறது. ஒரு கணம் அது நீன்கே என்றே நீ நினைத்தாயாம். பிறகு இல்லை என்று தெரிந்ததும் உன் கால் நகரவில்லையாம். அங்கிருந்தே திரும்பிவிட்டாய். ஸ்னேக்கில் சீட்ஸ்கே வீட்டில் இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்துவிட்டு விமானம் ஏறிவிட்டாய். இப்போது இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய் என்பதையும் அவள்தான் சொன்னாள்.

அது நான்தான், வோபே. வியாழக்கிழமைதோறும் நம் மகளின் புத்தகங்களைத் தூசி தட்டுவேன். மற்ற நாட்களிலும் ஆறு மணிக்கெல்லாம் அந்த விளக்கைப் போட்டுவிடுவேன். தெருவிலிருந்து பார்த்தால் வீடு இருட்டாக இருக்கக்கூடாது என்பதற்காக. உனக்காகப் போட்ட விளக்கு என்றுகூடச் சொல்லலாம். உன்னைத் திருப்பி அனுப்பியது அந்த விளக்குதான் என்று கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார்.

சாயங்காலம் காற்று அடங்கியது. நங்கூரத்தை ஓடத்தில் ஏற்றி, அவள் துடுப்புப் போட, ஆழத்தில் கொண்டுபோய்த் தள்ளினோம். பிறகு நங்கூரக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் சக்கரம். யார் சுற்றுவது என்று அவள் கேட்குமுன் நான் பிடித்துக்கொண்டேன். ஒரு சுற்றுக்கு ஒரு சாண்கூட நகரவில்லை. உன்னைத் திட்டிக்கொண்டே சுற்றினேன். பாலம் வரை வந்தவன் பத்து வீடு தாண்ட முடியவில்லையா, கதவைத் தட்டக் கையில்லையா, கோழை, கல்நெஞ்சன், இன்னும் எழுத முடியாத வார்த்தைகள். என் அண்ணன் பன்றிகளைத் திட்டுவது எல்லாம் எனக்கு நினைவிருந்தது. சீட்ஸ்கே வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கைத்தோல் உரிந்தது தெரியவில்லை. நடுவில் எப்போதோ திட்டுவது நின்று, அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். நீன்கே, நீன்கே என்று. சீட்ஸ்கே சொல்லித்தான் தெரியும். ஆறு வருஷத்துக்குப் பிறகு என் வாயில் அந்தப் பெயர். படகு ஒரு தடவை குலுங்கி, மெல்ல மிதந்தது.

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டேன். தபால் நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ஒருவர், மனைவி, இரட்டைப் பிள்ளைகள். மாடி அறையை நானே காலி செய்தேன். சீட்ஸ்கே உதவிக்கு வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். உடைகளைக் கோயிலுக்குக் கொடுத்தேன். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன் என்று பயப்படாதே, உன்னுடைய பங்கு ஒரு பெட்டியில் இருக்கிறது, நான் அதைத் திறக்கவில்லை. இப்போது அந்தச் சன்னலில் பிள்ளைகள் மூக்கை அழுத்தித் தெருவைப் பார்க்கிறார்கள். முதல் வாரம் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன். இப்போது நேராகவே போகிறேன்.

படகில் குளிர் அதிகம்தான். பின்பக்க அறையில் இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, அவ்வளவுதான். கோடை முழுவதும் சனிக்கிழமை தவறாமல் வெளியே போய்ப் பழகினோம். இப்போது மிதவையையும் பறவையையும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும். பாயில் ஒரு கிழிசல் இருக்கிறது, அதை நான் தைத்த லட்சணத்தைப் பார்த்து சீட்ஸ்கே, "இது தையலா, பன்னி வேலியா?" என்றாள்.

ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வா என்று கேட்கமாட்டேன். நான் எழுந்து போன ஒவ்வொரு தடவையும் நீ தனியாக உட்கார்ந்திருந்தாய். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். கோழை என்று சொன்னதையும் மன்னித்துவிடு, கொஞ்சம் உண்மை இருந்தாலும்.

வோர்க்குமுக்கு உன்னால் வர முடியாதென்றால் வரவேண்டாம். அக்டோபர் முதல் வாரம் நானும் சீட்ஸ்கேயும் படகை ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுபோகிறோம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் படகைக் கட்டுவதற்கு இடம் கேட்டு வைத்திருக்கிறேன். அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிடுவாள், நான் மாதம் முடியும்வரை இருப்பேன். உனக்கு வருஷாந்தர விடுப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவேண்டும் என்று தோன்றினால் போ, நான் தடுக்கமாட்டேன். ஆனால் இந்தத் தடவை ஒரு கையையாவது அசைத்துவிட்டுப் போ. நீ அங்கே நிற்கிறாய் என்று எனக்குத் தெரியவேண்டும்.

நீ இருக்கும் தண்ணீரும் இங்கே என் அடியில் இருக்கும் தண்ணீரும் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும்.

உன்,
ரென்ஸ்கே