ஆறாவது பாட்டு

மார்ச் 7, சனி

அக்காவும் அவள் தோழி நெட்டையக்காவும் இரண்டு வருடமாக எங்கள் அறையில் உட்கார்ந்து செய்த முதல் ஆல்பம் முடிந்தது. எட்டுப் பாட்டு, எல்லாம் கம்ப்யூட்டரில் பிறந்தவை. அட்டையில் யார் பெயர் முதலில் என்று காலையிலிருந்து சண்டை. "உன் பேரையே பெருசாப் போட்டுக்கோடி" என்று நெட்டையக்கா பேக்கரி வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அக்கா என்னிடம், "எட்டையும் கடைசி ஃபைலா ஆக்கி வை. இன்னொரு தடவ கேட்டா வாந்தி எடுத்துருவேன்" என்றாள். என்னை நம்பி! ஆக்கிவைத்தேன். அவள் கேட்காமலே வெளியீட்டுக்கு அனுப்பினாள்.

மார்ச் 13, வெள்ளி

ஆல்பம் வெளிவந்தது. நெட்டையக்கா பேக்கரியில் எல்லாரையும் கூட்டிவைத்துப் போட்டிருக்கிறாள். ஆறாவது பாட்டின் அடிநாதம் முழுக்க அவளுடையது. அங்கே மாவு பிசையும் இயந்திரத்தின் சத்தத்தைப் பதிந்து நான்கு மாதம் இழைத்தாள். அது பாட்டில் இல்லவே இல்லை. "எடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி" என்றாளாம் ஃபோனில். "நான் எதையும் எடுக்கல!" என்று அக்கா கத்தினாள்.

எடுத்தது நான். ஆறாவதில் அக்காவின் மெட்டை மட்டும் தனியாகக் கேட்கும் ஆசையில் மற்றதையெல்லாம் ஊமையாக்கினேன். அவற்றை மறுபடி ஒலிக்கவிடாமலே ஃபைல் ஆக்கிவிட்டேன். எப்படி மறந்தேன்?

மார்ச் 14

இன்றும் சொல்லவில்லை. கதைகளில் இப்படி வாய்மூடி இருப்பவர்களைக் கிண்டலடித்தவள் நான்.

மார்ச் 16, திங்கள்

யாரோ இணையத்தில் ஆல்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். எட்டில் ஆறாவதுதான் உயர்ந்ததாம். "ஆளில்லாத வீட்டின் அமைதி." அக்கா படித்துவிட்டு லேப்டாப்பை மூடினாள். ஐயோ, போதும். இனி எந்த முகத்தோடு சொல்வேன்?

மார்ச் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன். அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கையைப் பிடித்து பேக்கரிக்கு இழுத்துப்போனாள். நெட்டையக்கா தட்டுகளைத் துடைத்தபடியே கேட்டாள்.

"குட்டி என்ன வேணும்னேவா செஞ்சா? விடு."

"சரியானத இன்னிக்கே ஏத்திடலாம்டி" என்றாள் அக்கா.

"ஏத்து. ஆனா நானும் அத நாலு தடவ கேட்டேன். நான் இல்லாமலே நல்லாருக்கு. இல்லன்னு சொல்லு பாப்போம்?"

அக்கா சொல்வாள் என்று காத்திருந்தேன். அவளுக்குப் பொய் வராது.

மார்ச் 22, ஞாயிறு

இரண்டு வருடமாக எங்கள் அறையில் கிடந்த தன் கீபோர்டை எடுத்துப்போக நெட்டையக்கா வந்தாள். உறையின் ஜிப்பை அக்காதான் இழுத்துவிட்டாள். ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் படியிறங்கினார்கள்.

"பாத்து, திருப்பம்."

"தெரியும்டி."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.