வருகிறது, போகவில்லை

பிப்ரவரி 22, 2010

காலையில் எங்கள் மேலாளர் மலுங்கா ஐயா குடையை மடக்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். "ஏம்மா எலுபே, டப்ளினுக்கு அனுப்பின அறிக்கை போய்ச் சேரலயாம். அங்கேருந்து நோரீன் அம்மா போன் பண்ணிக் கேக்குறாங்க. இங்க உக்காந்துகிட்டு என்னதான் பண்றே?"

என்ன பண்ணுகிறேனா? டப்ளின்காரர்கள் பணத்தில் ஊர் ஊராக அடிபம்பு பழுதுபார்க்கும் இந்தச் சோம்பா அலுவலகத்தில் எட்டு வருஷமாகத் தட்டச்சு செய்கிறேன், டீ போடுகிறேன், போன் எடுக்கிறேன். எல்லோருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர், ஒரே மெயில் முகவரி. அவரவர் எழுதி அனுப்பு பொத்தானை அமுக்கிவிட்டுப் போவார்கள். அது அவுட்பாக்ஸில் கிடக்கும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நான் சிம் போட்ட இன்டர்நெட் மோடத்தைச் செருகுவேன். வந்தது வரும், போவது போகும். டேட்டா தீருவதற்குள் பிடுங்கிவிடுவேன். இதுதான் நடைமுறை.

இப்போது வருகிறது. போகவில்லை. அறிக்கை அவுட்பாக்ஸில் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

பிப்ரவரி 24

கடவுச்சொல்லை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். போகவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். போகவில்லை. "வைரஸ்தான்" என்றார் மலுங்கா ஐயா, டாக்டர் கணக்காக. இவருக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்ததெல்லாம் சீட்டாட்டம்.

பிப்ரவரி 26

அவசரத்தில் எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை.

நோரீன் அம்மாவிடமிருந்து எனக்கு மெயில். எனக்கே! பக்கத்து நாட்டில், அருஷாவில் ஒரு வருஷப் படிப்பு. பம்பு, நிலத்தடி நீர், குழாய் இறக்குவது, எல்லாம். செலவு அவர்களுடையது. படித்துவிட்டு வந்தால் களப்பணி அதிகாரி வேலை. மூன்று வருஷமாக நச்சரித்ததற்குப் பலன்.

ஒரே ஒரு நிபந்தனை. 'சம்மதம்' என்று மார்ச் பத்தொன்பதாம் தேதிக்குள் அலுவலக முகவரியிலிருந்து மெயில் வர வேண்டும். உடனே எழுதினேன். அனுப்பு.

அவுட்பாக்ஸ்.

சிரிப்பதா அழுவதா?

மார்ச் 2

தங்கை ஃபலேசியின் வீட்டுக்காரர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்டர்நெட் கடை வைத்திருக்கிறார். அங்கே போய் என் சொந்த முகவரியிலிருந்து அனுப்பினேன். ராத்திரிக்குள் பதில் வந்துவிட்டது: மகிழ்ச்சி எலுபே, ஆனால் எங்கள் விதிப்படி அலுவலக முகவரியிலிருந்துதான் வேண்டும், மன்னிக்கவும். விதியாம். இங்கே விதியே கிடையாது, அங்கே விதியைத் தவிர வேறெதுவும் கிடையாது.

மலுங்கா ஐயாவிடம் சொன்னேன். "நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்மா, விடு" என்றார். அவர் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் அருஷாவுக்குப் போனால் அவருக்கு யார் டீ போடுவது?

மார்ச் 5

நசாமா ஊரிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள், முதுகில் பிள்ளைகளோடு. அடிபம்பு உடைந்து ஒரு மாதம் ஆகிறதாம். ஆற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு.

"வண்டி இல்லையேம்மா" என்று மலுங்கா ஐயா வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

வண்டி எங்கே? டிரைவர் சைதியைக் கேட்டேன். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "லிம்பேக்கு போயிருந்தேன்கா. ஐயா வீட்டு மக்காச்சோளம். இப்பத்தானே நல்ல விலை." ஊரெல்லாம் பசியில் கிடக்கும் மாதத்தில், பதுக்கி வைத்த மூட்டையை எங்கள் வண்டியில் ஏற்றிச் சந்தைக்கு அனுப்புகிறார். அந்தப் பெண்களுக்கு வண்டி இல்லை.

முகத்துக்கு நேரே கேட்க வேண்டியதுதானே? கேட்டேனா? ஐயா என்று குனிந்து இரண்டு கையாலும் டீயை நீட்டினேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு.

மார்ச் 8

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து ஒரு மெயில் எழுதினேன். நோரீன் அம்மாவுக்கு. மக்காச்சோளம், லிம்பே, நசாமா, எல்லாவற்றையும். திருடன் என்றே எழுதினேன். அனுப்பு பொத்தானை ஓங்கி அமுக்கினேன். எங்கே போய்விடப்போகிறது? அவுட்பாக்ஸில் போய் விழுந்தது. நெஞ்சு லேசாகிவிட்டது. வீட்டுக்குப் போய் நிம்மதியாகக் களியும் கீரையும் சாப்பிட்டேன்.

மார்ச் 9

காலையில் வந்ததும் அதை அழித்தேன். சாயங்காலம் புதிதாக ஒன்று எழுதினேன். இது இன்னும் காரம்.

மார்ச் 12

இப்போது இது பழக்கமாகிவிட்டது. சாயங்காலம் எழுதுவது, காலையில் அழிப்பது. கணக்கு எழுதும் மகலெட்டா கேட்கிறாள், "என்னக்கா, இப்பல்லாம் நீ சிரிச்ச மொகமா இருக்கே, கல்யாணமா?" கல்யாணம்தான் போ.

மார்ச் 16

இன்னும் மூன்று நாள். மலுங்கா ஐயா டப்ளினுக்குப் போன் போட்டுவிட்டாராம். நோரீன் அம்மாவின் இன்னொரு மெயில் வந்திருக்கிறது: அலுவலக முகவரியிலிருந்து உங்கள் சம்மதம் இன்னும் வரவில்லையே, மனம் மாறிவிட்டதா? ஆக, போன் போடவில்லை. பொய்.

இந்த மெயில் மட்டும் எப்படி ஒழுங்காக வந்து சேர்கிறது! கேள்வியெல்லாம் உள்ளே வருகிறது, என் பதில் ஒன்றும் வெளியே போகமாட்டேன் என்கிறது. அவுட்பாக்ஸில் மகலெட்டாவின் கணக்குகள், ஐயாவின் அறிக்கைகள், என் சம்மதம் எல்லாம் வரிசையாக நின்று வேடிக்கை பார்க்கின்றன.

மார்ச் 18

இன்றைக்கு எழுதியது இதுவரை எழுதியதிலேயே நீளமானது. சைதியின் பயணப் பதிவிலிருந்து தேதிகளையும் போட்டேன். எனக்கு வர வேண்டிய படிப்பை இந்த மனுஷன் எப்படி முடக்கினார் என்பதையும் எழுதினேன். அனுப்பு. அவுட்பாக்ஸ். நாளை காலையில் அழித்துவிடலாம்.

நாளைதான் கடைசி நாள்.

மார்ச் 19

இதை எழுதவே பயமாக இருக்கிறது.

காலையில் கரண்ட் இல்லை. மதியம்தான் வந்தது. வந்ததும் இப்போது மோடத்தில் இருக்கும் சிம்மின் கம்பெனிக்கு அழைத்தேன். பாட்டு, பாட்டு, பாட்டு. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"சிம் எப்பம்மா மாத்துனீங்க?" என்றாள்.

அட கடவுளே! பிப்ரவரியில்தான் மாற்றினோம். எந்தக் கம்பெனி டேட்டாவைச் சலுகையில் தருகிறதோ அந்த சிம்முக்குத் தாவுவது எங்கள் வழக்கம். சோம்பாவில் எல்லோரும் அப்படித்தான். அவள் விளக்கினாள். வருகிற மெயிலுக்கு ஒரு வாசல், போகிற மெயிலுக்கு வேறொரு வாசல். போகிற வாசலில் நிற்கும் காவல்காரன் பழைய கம்பெனியின் ஆள். தன் லைனில் வருகிறவர்களை மட்டும்தான் விடுவான். சிம்மை மாற்றினோம், காவல்காரனை மாற்றவில்லை. மெயில் வெளியே போகிற இடத்தில் பழைய கம்பெனியின் பெயரை எடுத்துவிட்டுத் தங்கள் பெயரைப் போடச் சொன்னாள். அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் வைரஸ் என்று ஆடினோம்?

போட்டேன். என் பழைய சம்மத மெயிலில் தேதி பழசாக இருந்தது. அதை அழித்துவிட்டு இன்றைய தேதியில் புதிதாக எழுதி அனுப்பு அமுக்கினேன். அது வரிசையில் கடைசியாகப் போய் நின்றது. நேற்று ராத்திரியின் மெயில் அதற்கு முன்னால் நின்றது. அதை அழிப்பதற்குக் கை போகும்போதுதான் கதவு திறந்தது.

"சரியாயிடுச்சா?" மலுங்கா ஐயா என் தோளுக்கு மேல் குனிந்தார். "அடடே, சபாஷ்! தள்ளு, தள்ளு." என் கையிலிருந்து மவுஸை வாங்கி, மோடத்தைச் செருகி, வரிசையில் நின்ற எல்லாவற்றையும் அனுப்பும் பொத்தானை அவரே அமுக்கினார்.

பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. ஒன்று போயிற்று. இரண்டு போயிற்று. ஐயா குழந்தை மாதிரி கை தட்டினார்.

மோடம் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிடுங்கியிருக்கலாம். பிடுங்கினால் என் சம்மதமும் நின்றுபோகும். ஏன் பிடுங்கினாய் என்று கேட்பார், அவுட்பாக்ஸைத் திறப்பார், தலைப்பைப் படிப்பார். கரண்ட் மறுபடி எப்போது போகுமோ. இன்றுதான் கடைசி நாள். இதையெல்லாம் யோசித்தேனா, இல்லை இப்போது எழுதும்போது யோசிக்கிறேனா? கை மோடத்தின் மேல் இருந்தது. அங்கேயே இருந்தது.

எல்லாம் போய்விட்டது. "போ, டீ போட்டுக் கொண்டா, எல்லாருக்கும்" என்றார். போட்டேன். அவருக்குச் சர்க்கரை கூடுதலாகப் போட்டேன்.

மார்ச் 22

நோரீன் அம்மாவின் மெயில். 'வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி.' விசாரணை முடியும் வரை சோம்பா அலுவலகத்துக்கான நிதி முழுவதும் நிறுத்தம். அருஷா படிப்பும் அந்த நிதியில்தானாம். ஆகவே அதுவும்.

ஆகவே அதுவும்! எவ்வளவு மரியாதையான வார்த்தை.

மார்ச் 23

மலுங்கா ஐயா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கதவோரம் நின்று, "எல்லாம் உண்மைதான்மா. ஆனா என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?" என்றார்.

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா ஐயா?"

"கேட்டிருக்க மாட்டேன். வேலைய விட்டுத் தூக்கியிருப்பேன்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏப்ரல் 9

சம்பளம் இல்லை. மகலெட்டா என்னோடு பேசுவதில்லை. சைதி மட்டும் கேட்டான்: "வேணும்னேதானே அனுப்புனீங்க?"

"இல்லடா. அவரேதான் அமுக்குனாரு."

"அவரு அமுக்குறப்ப நீங்க தடுக்கலையே, அதான்கா கேக்குறேன்" என்றான். எனக்கு எரிச்சலாக வந்தது.

மே 28

வண்டியைத் தலைநகர் லிலோங்வேயிலிருந்து வந்து எடுத்துப்போய்விட்டார்கள். அலுவலகத்துக்குப் பூட்டு. நசாமா அடிபம்பு இன்னும் உடைந்தே கிடக்கிறது. என் உண்மையால் அந்த ஊருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. முன்பு வண்டியாவது இருந்தது, ஐயாவின் மக்காச்சோளம் தீர்ந்த பிறகு ஒரு நாள் அங்கே போயிருக்கும்.

ஜூலை 14

ஃபலேசி வீட்டுக்காரரின் கடையில் வேலை. போகாத மெயில்களைப் போகவைக்கும் ஆள் நான்தான். ஊரில் பாதிப் பேர் சிம் மாற்றிவிட்டு வந்து நிற்கிறார்கள்.

செப்டம்பர் 17

இன்று மதியம் வெயிலில் ஒருவர் பழைய லேப்டாப்போடு கடைக்குள் வந்தார். மலுங்கா ஐயா. சட்டைக் காலர் நைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"மெயில் வருது, போகமாட்டேங்குது" என்றார்.

"சிம் மாத்துனீங்களா ஐயா?"

"மாத்தினேன்."

திறந்து பார்த்தேன். பிளாண்டயரில் ஒரு தண்ணீர் அலுவலகத்துக்கு வேலைக்கு விண்ணப்பம். கீழே, 'இவரைப் பற்றி யாரிடம் விசாரிக்கலாம்' என்ற இடத்தில் என் பெயர், என் போன் நம்பர்.

நிமிர்ந்து பார்த்தேன். "என்ன ஐயா இது?"

"நான் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு டப்ளினுக்கு எழுதினது நீதானே. உன்ன விட என்னத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?" குத்தலாகத்தான் சொன்னார். ஆனால் பெயரை அழிக்கச் சொல்லவில்லை.

"போன் வந்தா நான் என்ன சொல்லட்டும்?"

"உண்மையச் சொல்லு. இந்தத் தடவ எனக்குத் தெரியச் சொல்லு."

போகிற வாசலின் பெயரை மாற்றினேன். மோடத்தைச் செருகினேன். அனுப்பு பொத்தானை இந்தத் தடவை நானே அமுக்கினேன். பச்சைக் கோடு நகர்ந்து முடியும் வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு ஐயா."

கூலியைக் கேட்டேன். கொடுத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 21

பிளாண்டயரிலிருந்து போன் வந்தது. எடுத்தேன். வேலை செய்யத் தெரிந்தவர் என்றேன். வண்டிச் சாவியை மட்டும் அவரிடம் கொடுக்க வேண்டாம் என்றேன்.