மூன்று கட்டும் மூன்று கோடும்

அண்ணா,

போன மாதம் எனக்கும் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் நர்ஸ் மாத்திரைக் கவரைக் கையில் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தேன். அதே ரோஸ் நிற மாத்திரை, ஆறு வருடத்துக்கு முன்னால் நீ தினமும் காலையில் முழுங்கியது. பெயரைப் படிக்கத் தேவையே இல்லை. கவரை அப்படியே அவள் மேஜைமேல் திருப்பி வைத்தேன்.

"இது வேணாம்மா. வேற குடு."

"எல்லாருக்கும் இதான் ஆன்ட்டி. ரத்தம் கட்டாம இருக்கறதுக்கு."

"எங்க அண்ணனுக்கும் இதான் குடுத்தாங்க. செத்துப்பூட்டாரு."

அவள் ஃபைலைப் புரட்டினாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். டாக்டர் வரும்வரை எழுந்திருக்கப் போவதில்லை என்று சொன்னேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியும். ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவளை ஒரு கவரைக் கொடுத்து அனுப்பிவிட முடியாது.

நீ ஹார்பரில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி, நாலு கோடு நிற்க வைத்து ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து ஒரு கட்டாக்குவதுதான் உன் வேலை. ரிட்டயர் ஆகி ராயபுரம் கல்மண்டபத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. ஸ்டென்ட் வைத்து உன்னைக் கூட்டிவந்த நாளிலிருந்து, சமையலறைக் காலண்டரின் ஓரத்தில் மாத்திரைக்கு ஒரு கோடு. மாதம் பிறந்தால் புதுத் தாள், மறுபடி முதல் கோடு. ஆரம்பத்தில் முழுங்கிவிட்டு என்னிடம் நாக்கை நீட்டிக் காட்டுவாய். "பாத்துக்கோ ஸ்டெல்லா, சரக்கு உள்ள போயிடுச்சு." பிறகு நீ எழுவதற்கு முன்பே நான் வேலைக்குக் கிளம்ப ஆரம்பித்தேன். கோட்டை மட்டும்தான் பார்த்தேன், முழுங்குவதைப் பார்க்கவில்லை.

அப்படியிருந்தும் ஏழாவது மாதம் அதே நெஞ்சுவலி. நான் லீவில் இருந்த ஒரு நாள் காலை, காபி டம்ளரைக் கீழே வைத்தவன் நிமிரவே இல்லை. ஸ்டென்ட்டில் ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். வார்டில் ஒரு டாக்டர் உன் முகத்தைக்கூடப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்.

"எங்க இருந்து வர்றீங்க?"

"ராயபுரம் சார்."

"என்ன வேலை பார்த்தாரு?"

"ஹார்பர்ல."

"குடியா?"

கிறிஸ்துமஸ் ஒயினைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளுகிறவன் நீ. இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. "மாத்திரையை ஒழுங்கா போட்டிருந்தா அடைக்காது. நடுவுல விட்டுட்டாரு" என்று சொல்லி, ஃபைலிலும் அப்படியே எழுதிவிட்டுப் போனார். ஊரும் வேலையும் கேட்டதுமே அவருக்கு விடை கிடைத்துவிட்டது. அவர்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம்தான்.

ஆனால் அவரைவிடப் பெரிய கொடுமையை நான் செய்தேன். ஹார்பரில் சில பேர் செய்யும் வேலையை நீயே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தாய். "மூட்டை எறங்கறதுக்கு முன்னாடியே பத்துக் கட்டு கோட்டப் போட்டு வெச்சிக்கினு டீ குடிக்கப் பூடுவானுங்க, பேமானிங்க." அதை எடுத்து உன்மேலேயே வீசினேன். கட்டிலருகே நின்று கேட்டேன், "இன்னாண்ணா, நீயும் முன்னாடியே கோட்டப் போட்டு வெச்சிட்டியா?"

நீ கத்தவில்லை. ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கி, "தெனமும் முழுங்கிக்கினுதான் இருந்தேன், ஸ்டெல்லா" என்றாய். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். இரண்டு நாளில் போய்விட்டாய். நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை. அடக்கம் முடிந்து வந்து, காலண்டரைப் பார்க்கவே பிடிக்காமல் சுருட்டிப் பரண்மேல் போட்டேன்.

இந்த முறை வந்தது ஒரு சின்ன வயது டாக்டர் பெண். எதிரே உட்கார்ந்து முழுதும் கேட்டாள். பிறகு சொன்னாள், "இந்த மாத்திரை அப்படியே வேலை செய்யாதும்மா. ஈரலுக்குப் போய், அங்க இருக்கற ஒரு என்சைம் இதை மாத்தினாதான் மருந்தாகும். அந்த என்சைம் சிலருக்குப் பிறவியிலேயே மந்தமா இருக்கும். நம்ம ஊர்ல அது அபூர்வம் இல்ல."

"அப்போ அவங்க தெனமும் முழுங்கினாலும்?"

"முழுங்கினாலும் போதுமான அளவுக்கு வேலை செய்யாது."

சீல் உடைக்க ஆளில்லாமல் யார்டிலேயே கிடக்கும் கன்டெய்னர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீயாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாய். சரக்கு வந்தது, எண்ணியாயிற்று, பிரிக்கத்தான் ஆளில்லை. வயது, ஈரல், கிட்னி, கூடவே போடும் வேறு மாத்திரைகள், எல்லாமே இதை மாற்றும் என்றாள் அந்தப் பெண். யோசித்தால் நமக்கே தெரிந்த விஷயம்தான். ஒரே சளி மாத்திரையைப் போட்டுவிட்டு நான் மறுநாள் மதியம்வரை தூங்குவேன், நீ ஷிஃப்ட்டுக்குப் போய்விடுவாய். அதைச் சொல்லிச் சிரித்தவள், இதை மட்டும் ஏன் குற்றமாக்கினேன்?

எனக்கு இந்த என்சைமைச் சார்ந்திராத வேறு மாத்திரை எழுதினாள். ரத்தமும் எடுத்து அனுப்பினாள். பத்து நாளில் ரிசல்ட் வந்தது. எனக்கு அந்த என்சைம் ரொம்பவே மந்தம். "எங்க அண்ணனுக்கும் அப்படித்தானே?" என்றேன். "அவரோட ரத்தத்தைப் பாக்காம உறுதியா சொல்ல முடியாதும்மா. கூடப் பொறந்தவங்க, நிறைய வாய்ப்பு இருக்கு" என்றாள். நேர்மையான பெண். ஆனால் 'வாய்ப்பு' என்ற சொல்லோடு வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. மாடிப்படி ஏறாதீர்கள் என்றிருந்தாள். நான் ஸ்டூல் போட்டுப் பரணே ஏறினேன். நீ இருந்தால் திட்டியிருப்பாய்.

கடைசித் தாளை விரித்தேன். மூன்று கட்டு, மூன்று கோடு. விரலை வைத்து இரண்டு தரம் எண்ணினேன், பதினெட்டு. உன்னை ஆட்டோவில் தூக்கிப்போட்ட நாள் பதினெட்டாம் தேதி. அன்று காலை முழுங்கியதற்கும் கோடு இருந்தது. பத்தொன்பதுக்கு இல்லை. அதற்குப் பிறகு அந்த ஓரம் முழுக்க வெள்ளை.

அந்தத் தாள் இப்போது என் ஆஸ்பத்திரி ஃபைலில் முதல் பக்கம். அடுத்த செக்கப்பில் அந்தப் பெண்ணிடம் காட்டி, என் குறிப்பில் ஒரு வரி எழுதச் சொன்னேன். அதெல்லாம் எழுதும் வழக்கமில்லை என்றாள். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. எழுதினாள்: 'அண்ணன் மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டவர்.' படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன்.

இனி எவன் கேட்டாலும் ராயபுரம் என்பேன், ஹார்பர் என்பேன், பிறகு ஃபைலைத் திறப்பேன். என் மாத்திரைக்கும் இப்போது காலண்டரில் கோடு போடுகிறேன், முழுங்கின பிறகுதான். நீ ஒரு கோடுகூட முன்னாடி போடவில்லை, அண்ணா.