மூன்றாம் மாடிச் சுவர்

காக்ஸ் டவுன், 12.6.1999

நம் பேரன் யுவனின் தாத்தாவுக்கு, உங்கள் தமயந்தியின் வணக்கம். இருமல் குறைந்ததா? பேத்தி தர்ஷினி பத்தாவதில் பள்ளிக்கே முதல். யுவனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது.

உங்கள் படத்தை மாட்ட அவன் டிரில் மெஷின் வாங்கக் கிளம்பினான். "ஆயா, செவுரு செங்கல்லா, கான்கிரீட்டா? கான்கிரீட்டுன்னா ஹேமர் டிரில்தான் வேணும்" என்றான். சுரங்கத்தில் பாறையைத் தட்டிக் கேட்டுத்தான் துளை போடுவோம் என்பீர்களே, அதேபோலத் தட்டினேன். கெட்டியாகக் கேட்டது. "ஹேமரே வாங்குடா" என்றேன்.

அவன் போனதும் சுவர் திருப்பித் தட்டியது. ஷிப்ட் முடிந்து வந்து நம் கதவைத் தட்டுவீர்களே, இரண்டு தட்டு, சற்று நிறுத்தி ஒன்று, அப்படியே. இது மூன்றாம் மாடி. சுவருக்கு அப்பால் வெறும் ஆகாயம்.

புறாவாக இருக்கும், கவலை வேண்டாம். டிரில் பெட்டியிலேயே இருக்கிறது. பழைய படத்தை மாட்ட மனசு வரவில்லை. இந்த வாரமே புதுப் படம் எடுத்துத் தபாலில் போடுங்கள். பின்பக்கம் தேதியை உங்கள் கையாலேயே எழுதுங்கள்.