வாயிற்காவலனுக்குத் தெரியுமா?

வடவள்ளி, கோவை
2.12.2024

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். 'பச்சைக்கிளிக் கோட்டை' டி.வி. தொடரைப் பற்றி வாரப் பத்திரிகையின் வாசகர் பக்கத்தில் நான் எழுதிய ஊகத்தை மறுத்து, பத்திரிகைக்கு எழுதாமல் எனக்கே எழுதியிருக்கிறீர்கள். முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்து வெகு காலமாயிற்று. மூன்று முறை படித்தேன்.

கோட்டை வாசலில் பூக் கட்டும் கிழவிதான் மந்திரவாதியிடம் இளமையைப் பறிகொடுத்த இளவரசி என்பதில் நமக்குள் சண்டை இல்லை. யாராவது அவளுடைய உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சாபம் தீரும். வாயிற்காவலனுக்கு அந்தப் பெயர் தெரியும், பயத்தில் வாயைத் திறக்காமல் இருக்கிறான் என்கிறீர்கள். அவனுக்குத் தெரியாது என்பது என் கட்சி. நான்காம் வாரம் அவள் சிரித்தபோது அவன் கையிலிருந்து வேல் நழுவியது உண்மைதான். ஆனால் அது ஒரே ஒரு தடயம். நான் பருத்தி ஆராய்ச்சிப் பண்ணையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். மூன்று பாத்தியில் ஒரே முடிவு வந்தால்தான் ஏட்டில் ஏற்றுவோம். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை.

நான் எழுதியதில் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பணிவுடன்,
தம்பிதுரை

பவானி
10.12.2024

அன்புள்ள தம்பிதுரை அவர்களுக்கு,

அந்தியூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இன்றுதான் திரும்பினேன். வீடு பூட்டியிருந்தால் தபாலை ஏழு நாள் வைத்திருப்பார்கள். அப்புறம் அனுப்பியவருக்கே போய்விடும். உங்கள் கடிதத்தை ஆறாம் நாள் வாங்கினேன். தப்பித்தீர்கள். இருபத்தெட்டு வருடம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவளுக்கே இந்தக் கதி.

உறையைப் பார்த்தாலே எனக்கு ஆளைத் தெரியும். உங்கள் கையெழுத்தில் ஒவ்வொரு எழுத்தும் அனுமதி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காவலனுக்கு வக்காலத்து வாங்குவது இதனால்தான் என்று நினைத்துச் சிரித்தேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அம்மையார் என்று எழுதாதீர்கள், யாரோ மேடையில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அவர் போன பிறகு அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை, அவ்வளவுதான். மகனுக்கு அம்மா, தெருவுக்குப் போஸ்டாபீஸ் அம்மா.

அன்புடன்,
ராமாமணி

வடவள்ளி, கோவை
17.12.2024

மதிப்பிற்குரிய ராமாமணி அம்மையார் அவர்களுக்கு,

பாதி மாற்றியிருக்கிறேன். மீதிக்குக் கை வரவில்லை.

இந்த ஞாயிறு ஒன்றைக் கவனித்தேன். காவலன் தினமும் அவளிடம் ஒரு முழம் மல்லிகை வாங்குகிறான். வீட்டில் அவனுக்கு யாரும் இல்லை. அத்தனை பூவும் கோட்டைச் சுவரின் பொந்தில் காய்ந்து கிடக்கிறது. இது இரண்டாவது தடயம் என்று குறித்துக்கொண்டேன்.

என் மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஞாயிறு பதினொரு மணிக்கு டி.வி. போடுவேன். அது முடிந்த பிறகு அடுத்த ஞாயிறு வரைக்கும் பேச எதுவும் இருக்காது. இப்போது உங்களுக்கு எழுத வேண்டியதை யோசிப்பதில் வாரம் போய்விடுகிறது. இது உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால் தெரிவிக்கவும்.

பணிவுடன்,
தம்பிதுரை

பவானி
22.12.2024

அன்புள்ள தம்பிதுரை அவர்களுக்கு,

தொந்தரவு என்றால் பதில் எழுதுவேனா?

ஒரு செய்தி. மகன் சரவணன் புனேயில் இருக்கிறான். இங்கே தனியாக இருக்க வேண்டாம், வீட்டைக் காலி செய்துவிட்டு வந்துவிடு என்கிறான். தை மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். எனக்கு இந்த ஊரை விட மனம் இல்லை. ஆனால் அவனிடம் சொல்ல ஒரு காரணமும் என் கையில் இல்லை. இருந்தால் நான் தைரியமாகச் சொல்லிவிடுவேன்.

வரும் ஞாயிறு பவானிக்கு வாருங்கள். பதினொரு மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். உங்கள் நோட்டையும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
ராமாமணி

வடவள்ளி, கோவை
30.12.2024

மதிப்பிற்குரிய ராமாமணி அம்மையார் அவர்களுக்கு,

வர இயலவில்லை. மன்னிக்க வேண்டும். நீங்கள் ஒரு மரியாதைக்காக எழுதியதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டு வந்து நிற்கக் கூடாதல்லவா? அதை யோசிப்பதற்குள் ஞாயிறு வந்துவிட்டது.

கீழ்வீட்டில் லோகப்பிரியா என்று ஒரு பெண் குடியிருக்கிறாள், பம்ப் கம்பெனியில் வேலை. அவளும் இந்தத் தொடரைப் பார்ப்பவள். உங்கள் கடிதத்தைப் பற்றி வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "ஏனுங்கய்யா, பவானி என்ன ஏழு கடலுக்கு அந்தப் பக்கமாங்க? காந்திபுரத்துல பஸ் ஏறி உக்காந்தா அவிங்களே கொண்டுபோய் எறக்கி உட்டுருவாங்க" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

மகனோடு இருப்பது உங்கள் உடல்நலத்துக்கு நல்லதுதான் என்று தோன்றுகிறது. இதில் அபிப்பிராயம் சொல்ல எனக்கு என்ன உரிமை?

பணிவுடன்,
தம்பிதுரை

பவானி
5.1.2025

அன்புள்ள தம்பிதுரை அவர்களுக்கு,

நான் மரியாதைக்காகக் கூப்பிடுகிறவள் அல்ல. தபால் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், எனக்கு அந்தக் கெட்ட பெயர் கிடையாது.

சரவணன் பொங்கலுக்கு வருகிறான். அவனுக்கு அப்போது பதில் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் தேதி ஞாயிறு வாருங்கள். இரண்டு நாற்காலி போட்டு வைப்பேன். உரிமை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் கொடுக்கிறேன். இதற்கு மேல் ஒரு பெண்பிள்ளை எப்படி எழுதுவது?

கூடுதுறைக்குப் போகும் வழியில் மூன்றாவது தெரு, பச்சைக் கதவு.

ராமாமணி

வடவள்ளி, கோவை
13.1.2025

மதிப்பிற்குரிய ராமாமணி அம்மையார் அவர்களுக்கு,

கடுமையான ஜலதோஷம். பயணம் செய்ய முடியவில்லை. வீட்டில் மின்சாரமும் இல்லாததால் நேற்றைய பகுதியைப் பார்க்கவில்லை. மூன்றாவது தடயம் ஏதாவது கிடைத்ததா? எழுதவும்.

உங்களுக்கும் மகனுக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

பணிவுடன்,
தம்பிதுரை

பவானி
20.1.2025

அன்புள்ள தம்பிதுரை அவர்களுக்கு,

கிடைத்தது. பூக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு, யாரும் இல்லாத வாசலில் நின்று காவலன் அவள் பெயரை முணுமுணுத்தான். ஒலியை நிறுத்திவிட்டார்கள், உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. உங்கள் ஏட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டு ஜாஹிதா அன்று சாயங்காலம் வந்து ஒன்று சொன்னாள். "ஏனுங்கக்கா, கரண்டு கம்பத்துக்கிட்ட ஒரு பெரியவரு நின்னாருங்க. கையில குடையும் ஒரு ஸ்வீட் டப்பாவும். உங்கூட்டையே பாத்துக்கிட்டு நின்னுபோட்டு, வந்த வழியே போயிட்டாருங்க." வந்து திரும்பினேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஜலதோஷம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

எனக்குக் கோபம் இல்லை. பன்னிரண்டாம் தேதி முழுக்க இருந்தது, இப்போது இல்லை. சரவணனிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். புனே முகவரி என்னிடம் இருக்கிறது. எழுதலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். கடைசிப் பகுதியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்வேன்.

குளிரில் வெளியே போகாதீர்கள்.

ராமாமணி

வடவள்ளி, கோவை
26.1.2025

ராமாமணி,

கடைசிப் பகுதி இப்போதுதான் முடிந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீங்கள் சொன்னதுதான் சரி. காவலனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அவள் பாலத்தைத் தாண்டப் போகும் நேரத்தில் கூப்பிட்டான். சத்தமாகக்கூட இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். நோட்டில் என் ஊகத்தின் மேல் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

கம்பத்தடியில் நின்றது நான்தான். காலையில் காந்திபுரத்தில் பஸ் ஏறும் முன் மைசூர்பாகு வாங்கினேன். பச்சைக் கதவு திறந்திருந்தது. வாசலில் ஆண் செருப்பு கிடந்தது. உங்கள் மகன் என்று புரிந்தது. நான் யார் என்று அவரிடம் சொல்ல வேண்டும். பருத்திப் பண்ணையில் இருந்தவன், தொடர் பார்ப்பவன், கடிதம் எழுதுபவன் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எதுவும் அந்தப் படியேறப் போதவில்லை.

உள்ளே தொடரின் பாட்டு ஆரம்பித்தது. அதுவரை நான் உங்கள் குரலைக் கேட்டதில்லை. "அந்த நாற்காலில உக்காராத கண்ணு, அது வாரவருக்கு" என்று மகனிடம் சொன்னீர்கள். தெளிவாகக் கேட்டது. கேட்ட பிறகுதான் திரும்பினேன்.

பஸ் பெருந்துறையைத் தாண்டும்போது எண்ணிப் பார்த்தேன். கடிதத்தில் இரண்டு முறை கூப்பிட்டிருந்தீர்கள். காதில் விழுந்தது மூன்றாவது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர் பஸ் ஏறியிருக்கலாம். மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். மறுநாள் உங்களுக்குப் பொய் எழுதினேன். எழுபத்திரண்டு வயதில் எழுதிய முதல் பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் வெட்கப்பட்ட முதல் பொய்.

டப்பாவை லோகப்பிரியாவிடம் கொடுத்தேன். பவானியில் என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. அவள் கேலி செய்யாதது அதுதான் முதல் தடவை.

எனக்குத் தெரிந்த முகவரி பச்சைக் கதவு மட்டும். நாளை தபாலில் சேர்த்தால் புதன்கிழமை உங்கள் தெருவுக்கு வரும். கதவு பூட்டியிருக்கும். ஏழு நாள் வைத்திருப்பார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏழு நாளும், உறையின் மேல் உங்கள் பெயர் உங்கள் ஊரில் இருக்கும். அம்மையார் என்று போடவில்லை. அதற்கப்புறம் எனக்கே திரும்பி வரும்.

தம்பிதுரை